நரைக்கு என்ன நிறம்?

காதோரத்தில் முதல் வெள்ளை முடி தெரிந்ததும் பிடுங்கிப் போடுகிறோம். ஓரிரு ஆண்டில் பிடுங்கித் தீராத அளவுக்கு அது வந்துவிடுகிறது. அப்போதுதான் வீட்டுக்குள் டை பாக்கெட் நுழைகிறது. பெரும்பாலும் கறுப்பு. கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததாகவோ அக்காவோ மைத்துனரோ போடுவதாகவோ இருக்கும். அதிகம் யோசிக்காமல் அன்று தொடங்கும் பழக்கம் அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளுக்கு மாதம் தவறாமல் தொடர்கிறது. உடம்பின் மேல் இவ்வளவு காலம் பூசிக்கொள்ளும் ஒரு பொருளைப் பற்றி நாம் இவ்வளவு குறைவாக விசாரிப்பது எனக்குக் கவலை தருகிறது.

டை போடலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. நாற்பது, ஐம்பது வயதில் ஒருவர் முன் இருக்கும் வழிகள் எவை, ஒவ்வொன்றும் முடியையும் தோலையும் என்ன செய்கிறது, எதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று முழுதாகப் பார்ப்பதே நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளமையில் முடி என்ன நிறத்தில் இருந்தது என்பதை வைத்து நிறத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மூன்று கேள்விகளை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் தோல் இதைத் தாங்குமா? மாதாமாதம் என்னால் இதைச் செய்ய முடியுமா? போதும் என்று தோன்றும் நாளில் எளிதாக நிறுத்த முடியுமா? இவற்றில் மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. மிகப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவதும் அதுதான்.

முடி ஏன் வெளுக்கிறது

தோலுக்கு வெளியே தெரியும் முடி, கெரட்டின் என்ற புரதத்தால் ஆன உயிரற்ற இழை. அதன் நிறம் வேர்ப்பையின் அடியில் இருக்கும் மெலனோசைட் செல்களிலிருந்து வருகிறது. முடி வளரும்போதே அவை மெலனின் நிறமியை அதற்குள் ஏற்றிவிடுகின்றன. இந்தச் செல்கள் தீரத் தீர ஈடுசெய்வதற்கென்று வேர்ப்பையின் மேற்பகுதியில் ஸ்டெம் செல்களின் சேமிப்பு ஒன்று உண்டு. வயது ஏறும்போது அந்தச் சேமிப்பு குறைகிறது. இருக்கும் செல்களும் வேண்டிய இடத்துக்கு நகராமல் ஓரிடத்தில் சிக்கிக்கொள்கின்றன என்று நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் எலிகளை வைத்துக் காட்டினார்கள். நிறமி வராத வேரிலிருந்து வெள்ளை முடி முளைக்கிறது. சாம்பல் நிறமாகத் தெரியும் தலை பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையும் கலந்து நிற்கும் தோற்றம்தான்.

எப்போது நரைக்கும் என்பதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. ஐம்பது வயதில் பாதிப் பேருக்குப் பாதித் தலை நரைத்திருக்கும் என்று ஒரு கணக்கு நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. பல நாடுகளில் 4,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து 2012-ல் வெளியான ஆய்வு அதைத் திருத்தியது. ஐம்பது வயதில் பாதித் தலையாவது நரைத்தவர்கள் 6 முதல் 23 சதவீதம் வரைதான் இருந்தார்கள். ஆசிய மக்களில் 25 வயதுக்கு முன் நரைத்தால் மருத்துவர்கள் அதை இளநரை என்கிறார்கள். அப்படி வந்தால் வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. புகைபிடிப்பதற்கும் சீக்கிரம் நரைப்பதற்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது.

கவலையால் நரைக்குமா என்ற பழைய கேள்விக்கும் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. கடும் நெருக்கடியில் சுரக்கும் நோர்அட்ரினலின், எலிகளின் நிறமி ஸ்டெம் செல் சேமிப்பையே காலியாக்கிவிடுவதை ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2020-ல் கண்டார்கள். அடுத்த ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தார் மனிதர்களின் முடியை இழை இழையாக ஆராய்ந்தபோது, ஒருவருக்கு விடுமுறைக் காலத்தில் ஐந்து முடிகள் மறுபடி நிறம் பெற்றிருந்தன. நரைக்கும் எல்லையில் நிற்கும் ஓரிரு முடிகளுக்கு மட்டுமே இது நடக்கலாம். பல ஆண்டாக வெளுத்துப்போன தலைக்கு இதில் நம்பிக்கை வைக்க இடமில்லை.

எண்ணெய் விஷயத்திலும் இதே தெளிவு வேண்டும். கரிசலாங்கண்ணித் தைலமும் கறிவேப்பிலை எண்ணெயும் முடியை மென்மையாக வைத்திருக்கும். ஆனால் வெள்ளையாக வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது, அதற்குள் நிறமியைத் திரும்பக் கொண்டுவர எந்த எண்ணெயாலும் முடியாது. நரையைப் போக்கும் என்று எழுதி ஆயிரக்கணக்கில் விலை வைக்கும் எண்ணெய்ப் புட்டிகளை வாங்காமல் இருப்பதே நல்லது.

பாக்கெட்டுக்குள் இருப்பது என்ன

இன்றைய டையின் மூலப்பொருள் பாரா ஃபினைலீன் டையமீன். சுருக்கமாக பிபிடி. 1863-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஹாஃப்மன் இதன் சாயமேற்றும் தன்மையை விவரித்தார். முதலில் விலங்குகளின் ரோமத்துக்குச் சாயம் ஏற்ற இது பயன்பட்டது. 1907-ல் பாரிஸில் யூஜின் ஷுயெல்லர் என்ற இளம் வேதியியலாளர் தலைமுடிக்கான சாயம் ஒன்றைத் தயாரித்துச் சலூன்களுக்கு விற்றார். 1909-ல் அவர் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் லோரியல் ஆனது. நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அடிப்படை வேதியியல் அதேதான்.

நிரந்தர டையில் இரண்டு பாகங்கள் இருக்கும். ஒன்றில் பிபிடியும் அம்மோனியாவும், மற்றதில் ஹைட்ரஜன் பெராக்சைடு. அம்மோனியா முடியின் மேல் செதில்களைத் திறந்துவிடும். சின்னஞ்சிறு பிபிடி மூலக்கூறுகள் உள்ளே போகும். அங்கே பெராக்சைடு பட்டதும் ஒன்றோடொன்று இணைந்து பெரிய நிற மூலக்கூறுகளாகி, வெளியே வர முடியாமல் தங்கிவிடும். அதனால்தான் தலைக்குக் குளித்தாலும் நிறம் போவதில்லை. 'அம்மோனியா இல்லை' என்று எழுதிய பெட்டிகளில் பெரும்பாலும் அதன் இடத்தில் மோனோ எத்தனோலமைன் இருக்கும். வாடை குறையும், ஆனால் பிபிடி அப்படியே இருக்கும். ஒவ்வாமைக்குக் காரணம் பிபிடி என்பதால் 'அம்மோனியா இல்லை' என்ற எழுத்தை மட்டும் பார்த்து ஆறுதல் கொள்ளக் கூடாது.

இதற்குக் கீழே இரண்டு படிகள் உண்டு. டெமி பர்மனென்ட் எனப்படும் வகையில் பெராக்சைடு குறைவு, அம்மோனியா இருக்காது. இருபது இருபத்தைந்து அலசல் வரை நிற்கும். வெள்ளையை முழுதாக மூடாது, கறுப்போடு கலந்து தெரியச் செய்யும். செமி பர்மனென்ட் வகை முடியின் மேலும் ஓரத்திலும் தங்கும் நேரடிச் சாயம், பத்துப் பன்னிரண்டு அலசலில் போய்விடும். வகிட்டில் மட்டும் தடவும் டச்-அப் ஸ்டிக், ஸ்ப்ரே போன்றவை அடுத்த குளியல் வரைக்கும்தான். நம் ஊரில் நிரந்தர டையும் மருதாணியும் மட்டுமே பலருக்குத் தெரியும். கால்வாசி நரைத்தவருக்கு உண்மையில் பொருத்தமாக இருப்பவை நடுவில் உள்ள இந்த வகைகள்தான்.

மருதாணியும் அவுரியும்

மருதாணி இலையில் உள்ள லாசோன் கெரட்டினோடு நேரடியாகப் பிணைகிறது. அது தரும் நிறம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. கறுப்பு முடியில் அவ்வளவாகத் தெரியாது, வெள்ளை முடியில் பளிச்சென்று தெரியும். நிறைய நரைத்தவர் மருதாணி மட்டும் போட்டால் தலை செம்பட்டையாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. அந்தச் சிவப்பை விரும்பிப் போடுகிறவர்கள் உண்டு. வேண்டாதவர்களுக்கு அவுரி இருக்கிறது.

அவுரி, நீலச் சாயம் எடுக்கும் அதே செடி. திண்டிவனம் பக்கம் இன்றும் பயிராகிறது. இரண்டையும் ஒழுங்காகப் போட்டால் அடர்பழுப்போ கறுப்போ கிடைக்கும். முறை இதுதான். ராஜஸ்தானின் சோஜத் பகுதியிலிருந்து வரும் சுத்தமான மருதாணிப் பொடியை டீ டிகாக்‌ஷனிலோ எலுமிச்சைச் சாறு சேர்த்த தண்ணீரிலோ கரைத்துச் சில மணி நேரம் ஊறவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத தலையில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, ஷாம்பு போடாமல் அலசுங்கள். பிறகு அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள். இதை ஊறவைக்கக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேலே நீலம் படரத் தொடங்கும்போதே பூசிவிட வேண்டும். ஒன்றரை மணி நேரம் கழித்து அலசினால் முதலில் பச்சை கலந்தாற்போலத் தெரியும். பயப்பட வேண்டாம். காற்று பட்டு ஒன்றிரண்டு நாளில் நிறம் இறங்கி ஆழமாகும். அதுவரை ஷாம்பு கூடாது.

வேலை அதிகம், ஞாயிற்றுக்கிழமை முழுதும் இதற்கே போய்விடும். ஆனால் பிபிடி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல மாற்று இல்லை. மருதாணிக்கே ஒவ்வாமை வருவது அரிது. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்கள், முக்கியமாகக் குழந்தைகள், மருதாணியைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு அது சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும்.

கடையில் கிடைக்கும் 'பிளாக் ஹென்னா'வைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். சுத்தமான மருதாணி ஒருபோதும் கறுப்பு தராது. அரை மணி நேரத்தில் தலையைக் கறுப்பாக்கும் எந்த 'மூலிகைப் பொடி'யிலும் பிபிடி கலந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டியின் முன்பக்கத்தில் இலை படம் இருக்கலாம். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

தோல் சொல்லும் பதில்

பிபிடி ஒவ்வாமை தாமதமாக வெளிப்படும். போட்ட அன்று ஒன்றும் தெரியாது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் தலை அரிக்கும், காது மடலும் நெற்றியும் சிவக்கும், சிலருக்குக் கண்ணிமை வீங்கிக் கண்ணே திறக்க முடியாது. நம் வீடுகளில் டை போடும் நாள் எது? கல்யாணத்துக்கு முந்திய நாள், அல்லது அதற்கும் முந்திய நாள். புதிதாக ஒரு டையை அன்று முதன்முதலாகப் போட்டால், ஒவ்வாமை வந்து நிற்பது முகூர்த்த நேரத்தில். எந்த விசேஷத்துக்கும் குறைந்தது ஒரு வாரம் முன்பே போட்டுவிடுவது நல்ல பழக்கம்.

பல ஆண்டாகப் போட்டு ஒன்றும் ஆகாதவர்களுக்கும் ஒருநாள் ஒவ்வாமை தொடங்கலாம். ஒருமுறை வந்துவிட்டால் வாழ்நாள் முழுதும் போகாது, அடுத்த முறை இன்னும் கடுமையாக வரக்கூடும். பிராண்டை மாற்றிப் பார்ப்பதால் பயனில்லை, ஏனென்றால் அங்கேயும் பிபிடியோ அதன் நெருங்கிய உறவுப் பொருளோதான் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் இவை உள்ள எந்த டையையும் அடியோடு விட்டுவிட வேண்டும்.

முன்பரிசோதனை செய்யச் சொல்வது சட்டமே. பிபிடி உள்ள டைகளில் எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழிகளிலும் அச்சிட வேண்டும் என்று இந்திய அழகுசாதன விதிகள் சொல்கின்றன. காதுக்குப் பின்னாலோ முன்கையின் உட்பக்கத்திலோ துளி தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும் என்பதும், இமைமுடிக்கும் புருவத்துக்கும் போட்டால் பார்வையே போகலாம் என்பதும் அந்த எச்சரிக்கையில் உள்ளவை. தாமத ஒவ்வாமை என்பதால் இரண்டு நாள் காத்திருப்பது இன்னும் பாதுகாப்பு.

நம் தோலுக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. மாநிறமும் கறுப்பும் உள்ளவர்களுக்கு டை ஒவ்வாமை சில நேரம் அரிப்பாக வராமல், நெற்றி, கன்னத்தின் ஓரம், கழுத்து ஆகிய இடங்களில் மெல்ல மெல்லப் படரும் கருமையாக வருகிறது. வெயிலால் வந்தது என்று நினைத்து கிரீம் மேல் கிரீமாகப் பூசிக்கொண்டே டையையும் தொடர்கிறார்கள். டை போடத் தொடங்கிய பின் முகத்தின் ஓரங்கள் கறுத்தால் தோல் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி அதுதான். மறுபக்கம், சிலருக்கு டை பட்ட இடத்தில் வெண்திட்டுகள் விழுகின்றன. குடும்பத்தில் வெண்புள்ளி உள்ளவர்கள் பிபிடியைத் தவிர்ப்பது நல்லது.

டை பாக்கெட்டில் இருப்பது வயிற்றுக்குள் போனால் நஞ்சு. தொண்டை வீங்கி மூச்சடைக்கும், சிறுநீரகம் செயலிழக்கும், முறிமருந்து கிடையாது. குழந்தைகள் உள்ள வீட்டில் குளியலறை அலமாரியில் அதைத் திறந்து வைக்காதீர்கள். தவறிப்போய் உள்ளே சென்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புற்றுநோய் வருமா என்பது பலரையும் அரிக்கும் கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, சொந்தமாக டை போடுவதைப் பற்றி முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்று வகைப்படுத்தியிருக்கிறது. சலூன், பார்லர் தொழிலாளர்களுக்கோ புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்பு அதிகமுள்ள தொழில் என்று வகைப்படுத்தியிருக்கிறது. அமெரிக்காவில் 1,17,200 செவிலியர்களை 36 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2020-ல் வெளியான ஆய்வில், பெரும்பாலான புற்றுநோய்களுக்கும் நிரந்தர டைக்கும் தொடர்பு தெரியவில்லை. மார்பகப் புற்றுநோயின் சில வகைகளிலும் சூலகப் புற்றுநோயிலும் சிறு அதிகரிப்பு இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை போடுகிறவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் நாள் முழுதும் வெறுங்கையால் பலருடைய தலைக்கு டை பூசும் தொழிலாளியின் நிலை வேறு. அவருக்குக் கையுறை வாங்கித் தருவது சலூன் உரிமையாளரின் கடமை. 'கிளவுஸ் போட்டுக்கங்க' என்று கேட்பதை வாடிக்கையாளர்களான நாமும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

கறுப்பா, பழுப்பா

இனி நிறம். பெட்டியின் மேல் ஓர் எண் இருக்கும். 1 கறுப்பு, 3 அடர்பழுப்பு, 4 பழுப்பு, 5 வெளிர்பழுப்பு. எண் கூடக் கூட நிறம் வெளிறும். புள்ளிக்குப் பின்னால் வரும் எண் சாயலைச் சொல்லும். பல கம்பெனிகளில் 1 என்றால் சாம்பல் சாயல், 3 பொன், 6 சிவப்பு. நம் இயற்கை முடி பெரும்பாலும் 1-க்கும் 3-க்கும் இடையில் இருக்கிறது.

நடுவயதில் 1 எண்ணைத் தேர்ந்தெடுப்பதே பொதுவான தவறு என்பது என் எண்ணம். முதலாவது, இயற்கையான கறுப்பு முடியில் பல சாயல்கள் கலந்திருக்கும். டையின் கறுப்பு வேர் முதல் நுனி வரை ஒரே மையாகத் தெரியும். முகத்துத் தோலும் இருபது வயதில் இருந்ததுபோல இல்லாததால் அந்தக் கறுப்பு முகத்தை இன்னும் களைப்பாகக் காட்டிவிடுகிறது. இரண்டாவது காரணம் கணக்கு. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. மூன்று வாரத்தில் வேரில் ஏழு மில்லிமீட்டர் வெள்ளை. வகிட்டில் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றரை சென்டிமீட்டர் அகல வெள்ளைக் கோடு. அதை ஒட்டி நிற்பது மைக்கறுப்பு என்றால் எதிரில் வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்தக் கோடுதான். 3 அல்லது 4 என்றால் அதே கோடு பாதியாகத் தணிந்து தெரியும். மூன்று வாரம் தாங்கியது ஐந்து வாரம் தாங்கும். ஆண்டுக்குப் பதினேழு முறை போடுகிறவர் பத்து முறையோடு நிறுத்தலாம். செலவும் தலையில் இறங்கும் வேதிப்பொருளும் அதே அளவுக்குக் குறையும்.

பர்கண்டி போன்ற சிவப்பு வகைகளை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டிப் படத்தில் இருக்கும் நிறம் கறுப்பு முடியில் வராது, வெள்ளை முடியில் மட்டும் அதைவிடப் பளிச்சென்று ஏறும். நரை கூட்டமாக இருக்கும் இடத்தில் சிவப்புத் திட்டாகத் தெரியும். சிவப்பு சீக்கிரம் வெளிறவும் செய்யும்.

கால்வாசிக்குக் குறைவாக நரைத்தவருக்குத் தலை முழுக்க டை தேவையே இல்லை. வகிட்டுக்கும் காதோரத்துக்கும் மட்டும் செமி பர்மனென்ட் போதும். கால் முதல் பாதி வரை என்றால் டெமி வகையில் 3 அல்லது 4. பாதிக்கு மேல் நரைத்துவிட்டால் நிரந்தரப் பழுப்பு, மருதாணியும் அவுரியும், அல்லது எதுவும் போடாமல் விடுவது என்று மூன்று வழிகள். நிரந்தர வகையை எடுத்தாலும் ஒவ்வொரு முறையும் வேரில் மட்டும் தடவினால் போதும். நுனிவரை திரும்பத் திரும்பப் பூசுவதால்தான் முடி வறண்டு உடைகிறது. ஆண்கள் மீசைக்கும் தாடிக்கும் போடும்போது கூடுதல் கவனம் வேண்டும். முகத்தோல் மெல்லியது, உதடு பக்கத்திலேயே இருக்கிறது.

யாருடைய நரைக்கு மதிப்பு

வழக்குத் தீர்க்க வந்த முதியவர்கள் அரசனின் இளமையைப் பார்த்துத் தயங்கியதால், கரிகாலன் நரைமுடி சூடி முதியவனாக வந்து தீர்ப்புச் சொன்னான் என்பது நம் பழமொழி நானூறு காட்டும் செய்தி. கம்பனின் தசரதனோ காதருகே ஒரு நரையைக் கண்டு மகனுக்கு முடிசூட்ட நினைக்கிறான். ஒருவனுக்கு நரை அதிகாரத்தைத் தருகிறது, இன்னொருவனை விலகச் சொல்கிறது. இரண்டு பொருளும் இன்றுவரை நம்மிடம் இருக்கின்றன. ஆனால் பங்கீடு சமமாக இல்லை. 2011-ல் 'மங்காத்தா' வந்தபின் அஜித்தின் சால்ட் அண்ட் பெப்பர் தலை ஆண்களுக்கு நாகரிகமாகிவிட்டது. அதே வயதில் அதே தலையோடு அலுவலகம் போகும் பெண்ணிடம் 'உடம்பு சரியில்லையா?' என்று கேட்கிறார்கள். பெண்ணுக்கு நரை விலகச் சொல்லும் பொருளை மட்டுமே கொண்டு வருகிறது.

இது நம் ஊரோடு முடியவில்லை. கனடாவின் சிடிவி தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பாளராக இருந்த லிசா லாஃப்லாம் பெருந்தொற்றுக் காலத்தில் டை போடுவதை நிறுத்தினார். அவர் ஒப்பந்தம் முடிக்கப்பட்டது 2022 ஆகஸ்டில் வெளியே தெரிந்தபோது, நரைதான் காரணமா என்று அந்த நாடே விவாதித்தது. நிறுவனம் மறுத்தது. ஆனால் அந்தச் சந்தேகம் அத்தனை பெண்களுக்கும் உடனே நம்பும்படியாக இருந்ததே பெரிய செய்தி. ஒரு பெண் டை போடுவது அவள் ஆசைக்காக என்றால் முழு மனதோடு போடட்டும். வேலை போய்விடும், சம்பந்தி வீட்டார் பேசுவார்கள் என்ற அச்சத்துக்காக என்றால் மாற வேண்டியது அவள் தலை இல்லை. அவளைச் சுற்றி இருக்கும் நாம்தான் வாயை அடக்கப் பழக வேண்டும்.

நிறுத்தும் வழி

இங்கேதான் மூன்றாவது கேள்வி வருகிறது. தோள்வரை நீண்ட முப்பது சென்டிமீட்டர் முடியில் மைக்கறுப்பு டை இருந்தால், அது முழுதும் வளர்ந்து போக இரண்டரை ஆண்டு ஆகும். அத்தனை காலமும் தலை பாதி வெள்ளை, பாதி கறுப்பு. பலர் மனமுடைந்து மூன்றாம் மாதமே மறுபடி பாக்கெட் வாங்குவது இதனால்தான். அவசரப்பட்டு பிளீச் செய்து கறுப்பை எடுக்கப் போனால் ஆரஞ்சும் மஞ்சளுமாக வரும், முடியும் உடையும். உலோக உப்பு கலந்த பொடியை முன்பு பயன்படுத்தியிருந்தால் பெராக்சைடு பட்டு முடி சூடேறிச் சேதமாகவும் கூடும். மருதாணியும் எளிதில் நீங்காது என்பதை நினைவில் வையுங்கள்.

மெல்ல இறங்குவதே நல்ல வழி. முதலில் 1-லிருந்து 3, பிறகு 4. அடுத்து நிரந்தர வகையிலிருந்து டெமி வகைக்கு மாறுங்கள். போடும் இடைவெளியை நீட்டுங்கள். இடையிடையே முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டால் காலம் பாதியாகக் குறையும். வெள்ளை முடி மஞ்சளாகப் பழுத்தால் ஊதா நிற ஷாம்பு அந்த மஞ்சளைத் தணிக்கும்.

ஆகவே முதல் பாக்கெட்டை வாங்கும் நாளிலேயே இறங்கும் வழியையும் யோசித்து வாங்குங்கள். பழுப்பு, குறைந்த வலுவுள்ள வகை, வேரில் மட்டும் பூசுதல் ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுத்தவருக்கு எந்த வயதிலும் நிறுத்துவது எளிது. தோல் இரண்டு நாள் சோதனையில் தேறவில்லை என்றால் அன்றே அந்த வகையை விட்டுவிடுங்கள். நரையை மறைப்பதும் விடுவதும் அவரவர் உரிமை. அந்த உரிமை ஒரே ஒருமுறை தேர்ந்தெடுத்ததோடு தீர்ந்துவிடாமல், நாற்பதிலும் ஐம்பதிலும் அறுபதிலும் மனதை மாற்றிக்கொள்ள இடம் தருவதாக இருக்க வேண்டும்.